ஆபரேஷன் தியேட்டருக்குள் தெம்பாக இருக்கிறேன், வெளியே வந்தால் முடியவில்லை. அரசு வேலையை விட்டுவிடலாமா?

டெல்டா சர்ஜன்:

வணக்கம். மூன்று வருடமாக இந்த மருத்துவத் துறையினர் ஃபோரத்தில் வாசித்துவிட்டு மட்டும் போகிறவன், இன்றுதான் எழுதுகிறேன். வயது 41. எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை முடித்து 12 வருடம் ஆகிறது. டெல்டா மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உதவிப் பேராசிரியர். மனைவிக்கு வங்கி வேலை. மகள் இரண்டாம் வகுப்பு.

எங்கள் யூனிட்டுக்கு 6 நாளுக்கு ஒருமுறை அட்மிஷன் டே, அன்றைக்கு வரும் அவசர கேஸ் எல்லாம் எங்களுக்கு. காலை 8 மணிக்கு உள்ளே போனால், மறுநாள் ரவுண்ட்ஸ் முடித்து வெளியே வர மதியம் 1 மணி ஆகிவிடும். குடல்வால், சிக்கிக்கொண்ட குடலிறக்கம், வண்டியில் விழுந்தவர்கள், அறுவடை சமயத்தில் பாம்பு கடித்து வீங்கிய கால், தை பிறந்தால் மாடு முட்டிக் கிழித்த வயிறு. இதெல்லாம் எனக்குப் பிடித்த வேலைதான். நிஜமாகச் சொல்கிறேன், கத்தியைக் கையில் வாங்கிவிட்டால் இன்றைக்கும் எனக்குக் களைப்பு தெரிவதில்லை. மற்றதெல்லாம்தான் பிரச்சினை.

மூன்று வாரம் முன்பு ஒரு அட்மிஷன் டே. இரவு 2.30 மணி. 50 வயதுக்காரர், சிறுகுடல் புண் ஓட்டையாகி இரண்டு நாள் கழித்து வந்திருக்கிறார். வயிறு முழுக்கப் பித்த நீரும் சீழும். கழுவி, ஓமெண்டத்தை (குடலை மூடியிருக்கும் கொழுப்புச் சவ்வு) இழுத்து ஓட்டையின் மேல் வைத்துக் கட்டிவிட்டேன். வயிற்றை மூடித் தைக்க லூப் நூல் கேட்டேன். ஸ்டாஃப் நர்ஸ் கொடுக்கவில்லை. "மாப் ஒண்ணு குறையுது சார்" என்றார். மாப் என்றால் வயிற்றுக்குள் ரத்தமும் நீரும் ஒற்ற வைக்கும் துணி. நான், "சிஸ்டர், முதல்ல ஒழுங்கா எண்ணக் கத்துக்கோங்க" என்று கத்தினேன். அவர் பதில் பேசவில்லை. நனைந்த மாப்களை மறுபடி தரையில் விரித்து ஐந்து ஐந்தாக அடுக்கினார். ஒரு வரிசையில் 5, அடுத்ததில் 4. அதே குரலில் மறுபடி, "ஒண்ணு குறையுது சார்."

கையை உள்ளே விட்டேன். கல்லீரலுக்கு அடியில், பித்தத்தில் ஊறி, குடலோடு குடலாக அதே நிறத்தில் கிடந்தது. எடுத்துக் கிண்ணத்தில் போட்டேன், மூடினேன், நோட்ஸ் எழுதினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாப் உள்ளேயே தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இங்கிருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதற்கு அடுத்த வாரம் இன்னொன்று. சர்க்கரை நோய்க் கால் வார்டில் ஒரு பெரியவர். முதலில் ஒரு விரல், அப்புறம் இரண்டு விரல், அப்புறம் பாதி பாதம், இப்போது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிய நிலை. ரவுண்ட்ஸில் பிஜி-யிடம் (மேற்படிப்பு படிக்கும் ஜூனியர் டாக்டர்) "அந்தக் காலை நாளை லிஸ்ட்ல போட்டுடு" என்றேன். தூக்குவாளியோடு நின்றிருந்த அவர் வீட்டம்மா கேட்டார்: "காலு மட்டும் வந்தாப் போதுங்களா டாக்டரையா, ஆளும் வரணுங்களா?" கிண்டலாகக் கேட்கவில்லை. சந்தேகம்தான் கேட்டார்.

வீட்டிலும் இதே கதைதான். ஒரு நாள் காலை மகளுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டேன். கை பழக்கத்தில் மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டது போல. பி.டி. பீரியடில் அவிழ்க்க முடியாமல் டீச்சர் கத்தரியால் வெட்டியிருக்கிறார். "நீ கட்டினா அவுக்கவே முடியலப்பா, இனிமே அம்மாவே கட்டட்டும்" என்றாள். அந்த மாதம் நான் கட்டிவிட்டது அந்த ஒரு நாள்தான்.

திருச்சியில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை கூப்பிடுகிறது. இப்போது வாங்குவதைப்போல் இரண்டு மடங்கு சம்பளம். ராஜினாமா செய்துவிட்டுப் போய்விடலாமா? இல்லை நீண்ட விடுப்பு எடுக்கலாமா? மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்றால் அவரும் எங்கள் கேம்பஸிலேயே கேன்டீனில் டீ குடிக்கிறவர். இதையெல்லாம் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். யோகா செய் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். போன மாதம் மன அழுத்த மேலாண்மை வகுப்பு ஒன்று நடத்தினார்கள். அன்றைக்கு எனக்கு அட்மிஷன் டே.

பழைய கத்தி:

தம்பி, நான் 1979-ல் சர்வீஸில் சேர்ந்தவன், ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. எங்கள் காலத்தில் ராத்திரி ஸ்கேன் கிடையாது. வயிற்றில் கை வைத்துப் பார்த்தே முடிவு செய்வோம். ஒரே ராத்திரியில் நாலு வயிறு திறந்துவிட்டு மறுநாள் ஓ.பி. பார்த்திருக்கிறேன். வேலையிலேயே எரிந்து தீர்ந்துபோவதைச் சொல்லும் பர்ன்அவுட் என்ற சொல்லே எங்களுக்குத் தெரியாது.

இப்படி எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன். மேலே இருப்பது முழு உண்மை இல்லை என்று தோன்றியதால் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

அப்போது எங்கள் லிஸ்டில் பாதி, வயிற்றுப்புண்தான். வாரத்துக்கு மூன்று நாலு ஜி.ஜே. வேகாட்டமி செய்வேன், அதாவது இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்து, அமிலம் சுரக்கவைக்கும் நரம்பை வெட்டிவிடுவது. சாப்பிட்டதெல்லாம் வாந்தி எடுத்து எலும்பும் தோலுமாக வந்த விவசாயி, பத்து நாளில் இட்லி சாப்பிட்டுவிட்டு நடந்து வீட்டுக்குப் போவார். மாசிக்கு வாழைத்தார் கொண்டுவந்து போர்ட்டிகோவில் வைத்துவிட்டுப் போவார். 1982-ல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் அந்தப் புண்ணுக்குக் காரணமான கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். 2005-ல் நோபலும் வாங்கிவிட்டார்கள். அதற்குள் மாத்திரையே புண்ணை ஆற்றத் தொடங்கி, நான் கைதேர்ந்த ஆபரேஷன் அநேகமாக இல்லாமலே போயிற்று. ஜனங்களுக்கு நல்லது. எனக்கு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது சர்க்கரைக் கால். நீங்கள் எழுதியிருக்கிற அதே வரிசைதான்: விரல், பாதம், கால். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அவர் திரும்பி வருவார், வரும்போது இன்னும் கொஞ்சம் குறைந்து வருவார். வாழைத்தார் கிடையாது. நான் எரிச்சல்காரனாக மாறியது அந்த வருடங்களில்தான். ராத்திரி நாலு வயிறு திறந்த காலத்தில் இல்லை. அதனால் மணிக்கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். என்ன மாதிரி வேலை என்பதையும் பாருங்கள். ஒரு கால் பராமரிப்பு கிளினிக் தனியாகத் தொடங்கி, விரலில் புண் வரும்போதே பிடிக்க முடிந்தால் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். நான் செய்யவில்லை. செய்திருக்கலாம்.

வீட்டு விஷயத்தில் என்னிடம் யோசனை கேட்காதீர்கள். ஒரு கல்யாண வீட்டில், பையன் பன்னிரண்டாவதில் என்ன குரூப் என்று ஒருவர் கேட்டார். பயாலஜி என்றேன். பக்கத்தில் நின்ற என் பையன், "காமர்ஸ் அங்கிள்" என்றான்.

தலைமாட்டில் நிற்பவள்:

சார், நான் மயக்க மருந்து மருத்துவர், 16 வருடம். சர்ஜன்கள் கத்துவதைத் தலைமாட்டில் நின்று பார்த்தே பிழைப்பு நடத்துகிறவள். அதனால் கோபிக்காமல் படியுங்கள்.

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். காலை 8 இருக்கிறது, மதியம் 1 இருக்கிறது, இரவு 2.30 இருக்கிறது. மாலை 5 மணியிலிருந்து இரவு 10 மணி வரை உங்கள் நாளில் காணவில்லையே, எங்கே போயிற்று?

அதற்குப் பதில் சொல்லும்வரை ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள்.

தூக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1997-ல் டாஸன், ரீட் என்ற இருவர் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை செய்தார்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரம் ஆனால் ஏறக்குறைய 100 மில்லிகிராம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் 30-ஐத் தாண்டினாலே வழக்கு. அன்று இரவு 2.30-க்கு நீங்கள் காலை 6 மணியிலிருந்து விழித்திருந்தால் 20 மணி நேரத்துக்கு மேல். அந்த சிஸ்டர் எத்தனை மணிக்கு டியூட்டிக்கு வந்தார்? இரவு ஷிஃப்ட் என்றால் 6 அல்லது 7 மணி நேரம்தான் ஆகியிருக்கும். அவர் எண்ணியது சரியாக வந்ததில் ஆச்சரியம் இல்லை. அப்புறம், அட்மிஷன் டே முடிந்து வீட்டுக்கு நீங்களே கார் ஓட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் தயவுசெய்து நிறுத்துங்கள். ஆட்டோவுக்கு 150 ரூபாய்.

"அந்தக் கால்" விஷயம். 1981-ல் கிறிஸ்டினா மாஸ்லாக் பர்ன்அவுட்டை அளக்க ஒரு கேள்வித்தாள் செய்தார். அதில் மூன்று பகுதி: மனசு வற்றிப்போவது, எதிரில் இருப்பவரைப் பொருளாகப் பார்ப்பது, நான் செய்வதில் ஒன்றும் இல்லை என்று நினைப்பது. உங்களுக்கு மூன்றாவது இல்லை, கத்தி எடுத்தால் சந்தோஷமாக இருக்கிறீர்கள். இரண்டாவது நன்றாகவே இருக்கிறது. நீங்கள் தனி ஆளும் இல்லை. 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவில் 7,905 சர்ஜன்களிடம் கேட்டபோது 40 சதவீதம் பேருக்கு பர்ன்அவுட் இருந்தது, 30 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோயின் அறிகுறிகள் இருந்தன. அந்த இரண்டாவது எண்ணுக்காகத்தான் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறேன். பர்ன்அவுட்டை உலக சுகாதார அமைப்பே நோயாகச் சேர்க்கவில்லை, வேலை சார்ந்த நிலை என்றுதான் 2019-ல் வகைப்படுத்தியது. ஆனால் அதன் நிழலில் மனச்சோர்வு நோய் உட்கார்ந்திருந்தால் நீங்களாகக் கண்டுபிடிக்க முடியாது. கேன்டீனில் டீ குடிக்காதவர் பக்கத்து ஊரில் இருப்பார். ராத்திரி தாங்க முடியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசுவார்கள்.

டெல்டா சர்ஜன்:

மேடம், பிடித்துவிட்டீர்கள்.

மாலை நேரத்தை நான் வேண்டுமென்றே விடவில்லை. அது வேலை என்றே என் கணக்கில் வரவில்லை போல. இரண்டு நர்சிங் ஹோம் போகிறேன். எங்களுக்குப் பணி நேரத்துக்கு வெளியே தனியார் பிராக்டீஸ் அனுமதி உண்டு, அதில் தப்பில்லை. வீட்டுக்கடன் தவணை மாதம் 62,000. அது போக ஒரு லேப்ராஸ்கோப்பி (துளை வழி ஆபரேஷன்) செட்டில் இன்னொரு நண்பரோடு பங்கு.

உங்கள் கேள்விக்காகப் போன வாரத்தை மகளின் ரஃப் நோட்டில் எழுதிக் கூட்டினேன். அரசு மருத்துவமனை: அட்மிஷன் டேயும் மறுநாளும் சேர்த்து 29 மணி, மற்ற நாலு நாள் 28 மணி, ஆக 57. நர்சிங் ஹோம்: மாலைகள் 25 மணி, ஞாயிறு 5 மணி, இரண்டு ராத்திரி அழைப்பு 4 மணி, ஆக 34. மொத்தம் 91. இதுவரை "கவர்மென்ட் வேலை என்னைக் கொல்கிறது" என்றுதான் மனைவியிடம் சொல்லி வந்தேன். நோட்டைப் பார்த்துவிட்டு அவள் ஒன்றும் சொல்லவில்லை. வங்கிக்காரி இல்லையா, 34-ஐ மட்டும் வட்டம் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆனால் ஒன்று. அந்த 34 மணியில் எனக்குக் கோபம் வருவதில்லை. பித்தப்பைக் கல், குடலிறக்கம், எல்லாம் திட்டமிட்ட கேஸ். கோபமெல்லாம் காலையில் வருகிறது. அதனால்தான் காலை வேலையே வில்லன் என்று நினைத்துவிட்டேன்.

இரண்டாமாண்டு பிஜி:

சார், நான் வேறு கல்லூரி, வேறு ஊர். உங்கள் 91 மணியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, மன்னிக்கவும். எனக்கு 100-க்குக் கீழே வந்த வாரம் நினைவில் இல்லை. எனக்கு அதில் நர்சிங் ஹோம் வருமானமும் கிடையாது.

1992-ல் மத்திய அரசு எங்களைப்போன்ற ரெசிடென்ட் டாக்டர்களுக்காக ஒரு உத்தரவு போட்டது. தொடர்ச்சியான வேலை சாதாரணமாக ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்கு 48 மணி. நான் பிறப்பதற்கு முன்னால் வந்த உத்தரவு. 2023-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் விதியில் "நியாயமான பணி நேரம்" என்று எழுதினார்கள். எத்தனை மணி நேரம் நியாயம் என்று எழுதவில்லை. 2024-ல் ஆணையத்தின் பணிக்குழு வாரத்துக்கு 74 மணியைத் தாண்ட வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், கொல்கத்தாவில் ஒரு பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு 36 மணி நேர டியூட்டியைப் பற்றி உச்ச நீதிமன்றமே கவலைப்பட்டது. எங்கள் டியூட்டி ரூமில் இவ்வளவும் தெரியும். கட்டில் மட்டும் ஒன்றுதான், நாங்கள் நாலு பேர்.

உங்களிடம் ஒரே கேள்வி. அந்த ராத்திரி உங்களுக்கு எதிரில் வயிற்றை விரித்து வைக்கும் ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு ஒரு பிஜி நின்றிருப்பார். அவர் அன்றைக்கு எப்போது எழுந்தார், எப்போது சாப்பிட்டார்? நீங்கள் எழுதியதில் சிஸ்டர் வருகிறார், பெரியவர் வருகிறார், லேஸ் கூட வருகிறது. அவர் "லிஸ்ட்ல போட்டுடு" என்ற வரியில் மட்டும்தான் வருகிறார்.

எலும்பு டாக்டர் வீட்டம்மா:

நான் டாக்டர் இல்லை. எலும்பு டாக்டரைக் கட்டிக்கொண்டு 19 வருடம் ஆகிறது, அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

இவரும் திருச்சியில் அரசு வேலையை விட்டுவிட்டு கோயம்புத்தூர் தனியாருக்குப் போனார். சம்பளம் கூடியது. முதல் மூன்று மாதம் 8 மணிக்கு வீட்டுக்கு வந்தார். அப்புறம் மாதம் இத்தனை ஆபரேஷன் என்று கணக்குக் கேட்க ஆரம்பித்ததும் பழைய கதைதான். அரசாங்கத்தில் திட்டுவதற்கு ஆள் உண்டு, கேஸ் குறைந்தது ஏன் என்று கேட்க ஆள் இல்லை. அங்கே அதைத்தான் கேட்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், தம்பி.

வீட்டுப் பக்கம் சொல்கிறேன். எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது அவர் வராதது இல்லை. "அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடுவேன்" என்பதுதான். தோசைக்கல்லை அடுப்பில் வைத்து, இறக்கி, மறுபடி வைத்து, ஒரு மணி நேரம் போகும். ஒரு நாள் சண்டை போட்டுச் சொல்லிவிட்டேன், வரமாட்டேன் என்றால் வரமாட்டேன் என்று சொல்லுங்கள், நாங்கள் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறோம் என்று. அன்றிலிருந்து வீட்டில் பாதி சண்டை குறைந்தது. இன்னொன்று, டியூட்டி முடிந்து வந்த நாளில் பள்ளிக்கூட ஃபீஸ், சொந்தக்காரர் கல்யாணம், எதையும் அவரிடம் கேட்க மாட்டேன். தூங்கி எழுந்து குளித்தபிறகுதான்.

"உங்களுக்காகத்தானே ஓடுகிறேன்" என்று மட்டும் உங்கள் மனைவியிடம் சொல்லாதீர்கள். 62,000 தவணை வீட்டை அவர் கேட்டாரா, நீங்கள் கேட்டீர்களா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் நான் கேட்கவில்லை.

தியேட்டர் ஸ்டாஃப்:

அந்த சிஸ்டரிடம் பேசினீர்களா சார்? மாப் குறையுது என்று சொல்வதற்கு முன் நாங்கள் மனசுக்குள் மூன்று தடவை எண்ணியிருப்போம். சொல்லும்போது வயிறு கலங்கும். நீங்கள் கத்தினால் அடுத்த முறை புதுசாக வந்த பெண் சொல்லத் தயங்குவாள். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

டெல்டா சர்ஜன்:

எல்லோருக்கும் பதில் எழுத 12 நாள் ஆகிவிட்டது. நடுவில் இரண்டு அட்மிஷன் டே.

பிஜி தம்பி, உங்கள் கேள்வியை என் பிஜி-யிடமே கேட்டேன். அன்று காலை 5 மணிக்கு எழுந்தாராம். மதியம் இரண்டு பஜ்ஜி, இரவு 11-க்கு யாரோ வைத்துவிட்டுப் போன பிறந்தநாள் கேக். யாரையாவது மாட்டிவிடுகிறோமோ என்று பயந்துகொண்டே இதைச் சொன்னார், அதுதான் எனக்கு உறைத்தது. யூனிட் சீஃபிடம் பேசியிருக்கிறேன். அட்மிஷன் டேயில் இரவு 12 முதல் 4 வரை ஒருவர், 4 முதல் 8 வரை ஒருவர் என்று படுக்கப் போகலாம் என்று முடிவாகியிருக்கிறது. பெரிய பஸ் விபத்து வந்தால் இது நடக்காது. இரண்டு முறையில் ஒரு முறை நடந்தது. சீஃபுக்கு முழு மனசு இல்லை, "எங்க காலத்துல" என்று ஆரம்பித்தார். பழைய கத்தி ஐயா எழுதியதைக் காட்டினேன், ஜி.ஜே. வேகாட்டமி வரியைப் படித்ததும் அமைதியாகிவிட்டார். கால் கிளினிக்குக்கு இடம் கேட்டிருக்கிறேன். இப்போதைக்கு ஓ.பி.யில் ஒரு மேஜை, வியாழக்கிழமை மட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மனநல மருத்துவரைப் பார்த்தேன், 60 கிலோமீட்டர் தள்ளி. டோக்கன் 27. டாக்டர் என்று சொல்லாமல் ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா தன் மகனுக்கு முறுக்கு பிரித்துக் கொடுத்துவிட்டு எனக்கும் ஒன்று கொடுத்தார். லேசான மனச்சோர்வு இருக்கிறது என்றார் மருத்துவர். ஒரு மாத்திரை, மூன்று வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். மருந்தை என் ஊரில் வாங்கவில்லை, அங்கேயே வாங்கிக்கொண்டேன். இன்னும் அவ்வளவு தைரியம் வரவில்லை.

ஒரு நர்சிங் ஹோமை அடுத்த மாதம் 1-ம் தேதியிலிருந்து விடுகிறேன். ஓனர் "யோசிங்க டாக்டர்" என்று இரண்டு முறை போன் செய்தார். லேப்ராஸ்கோப்பி பங்கை நண்பரிடமே கொடுத்துவிடப் பேச்சு நடக்கிறது, அதில் எனக்கு நஷ்டம்தான். திருச்சிக்காரர்களிடம் மாதம் எத்தனை கேஸ் எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டேன் அக்கா. "அதெல்லாம் சேர்ந்தபிறகு பேசிக்கலாம் சார்" என்றார்கள். புரிந்துகொண்டேன். இப்போதைக்கு ராஜினாமா இல்லை. ஆறு மாதம் கழித்து என்ன தோன்றும் என்று தெரியாது.

சிஸ்டரிடம் பேசினேன். ஸ்டெரிலைசேஷன் ரூமில் டிரம் அடுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றேன். டிரம் மூடியைச் சாத்திக்கொண்டே, "பரவாயில்ல சார். நீங்க கத்தினாலும் நான் எண்ணிட்டுத்தான் லூப் குடுப்பேன்" என்றார். அப்புறம் நாளைக்கு லிஸ்டில் எத்தனை கேஸ், எத்தனை மாப் பண்டல் போட வேண்டும் என்று கேட்டார். ஆறு என்றேன்.